ஒரு சாண் மேலே நின்ற வள்ளம்

வேம்பாமுனையில் எஸ்தாக்கியின் வள்ளம் தண்ணீரை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி நின்றது ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. கோயிலில் பூசை முடிந்து, கரையில் ஏலம் முடிந்து, ஐஸ் வண்டியும் போய், இனி இன்றைக்குப் பார்க்க ஒன்றுமில்லை என்று ஊரே வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதனால் பார்த்தவர்கள் அதிகமில்லை, பார்த்தவர்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடவில்லை. எங்கள் கடலோரத்து ஆட்கள் அப்படித்தான், வானத்திலிருந்து மீன் கொட்டினாலும் முதலில் என்ன மீன் என்றுதான் கேட்பார்கள். மீன் விற்கிற வியாகுலம் அக்கா தலையிலிருந்த கூடையை இறக்காமலேயே நின்று, “என்ன எஸ்தாக்கி, வள்ளம் ஒசரத்துல நிக்கி?” என்று கேட்டாள். “ஆமாக்கா, நிக்கி” என்றான் எஸ்தாக்கி. அவ்வளவுதான், அவள் வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் அந்த வள்ளம் டீசலை விட்டுக் கரண்டுக்கு மாறியிருந்தது. இருபத்தேழு அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், எஸ்தாக்கியின் அப்பா காலத்தில் பாயை மட்டும் நம்பி ஓடிய மரம். ஊரெல்லாம் இஞ்சின் வைத்த காலத்தில் இவனும் வைத்தான், காற்று இருந்தால் பாய், காற்று செத்தால் இஞ்சின் என்று. வைத்தது அவனுக்குக் கல்யாணமான அதே வருஷம். ஆகவே அந்த டீசல் இஞ்சினும் அவன் பெண்சாதி மதலேனும் அவன் வாழ்க்கைக்குள் ஒன்றாகத்தான் வந்தார்கள், ஒருவரையொருவர் முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

மதலேன் தூத்துக்குடியில் கடல் தெரியாத ஒரு தெருவில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு மறுவாரம் எஸ்தாக்கி கடலுக்குப் போய்த் திரும்பி வாசலில் கால் வைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தி, என்ன நாற்றம் இது என்று கேட்டாள். டீசல் என்றான். போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்றாள். அன்றைக்குத் தொடங்கியது. சீயக்காய், கடலை மாவு, எலுமிச்சம்பழம், பச்சைக் கற்பூரம், துணி துவைக்கிற கட்டி சோப்பு என்று உப்புத்தாளைத் தவிர பாக்கி எல்லாவற்றையும் போட்டு அவனைத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். அவன் சட்டை காய்வதற்கு ஒரு தனிக் கொடி, அவன் படுப்பதற்கு ஜன்னலோரமாக ஒரு தனிக் கட்டில். “குளிச்சாச்சா?” என்பாள். “ரெண்டு தரம்” என்பான். “இன்னொரு தரம் குளிங்க, இன்னும் இருக்கு” என்பாள். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி எதையெதையோ பேசிச் சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவார்கள். இவர்களுக்குப் பிள்ளை இல்லை, சண்டையும் இல்லை, இருபத்துநாலு வருஷமும் இந்த நாற்றத்தைப் பற்றித்தான் பேச்சு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவக்காலத்தின் முதல் வாரத்தில் மதலேன் ஒரு பையில் நாலு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, தூத்துக்குடியில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். அழவில்லை, முறைக்கவில்லை. “ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இந்த டீசல் நாத்தம்தான். இதுக்கு மேல என்னால முடியாது” என்றாள். அவள் மனதில் பட்டதைத்தான் சொன்னாள், அவனும் அதை அட்சரம் பிசகாமல் நம்பினான். பஸ் ஏற்றிவிட்டு வந்து கிணற்றடியில் நின்று நாலு தரம் குளித்தான், யாருக்காகக் குளிக்கிறோம் என்பது ஈரத்தோடு வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்வான். நல்லா இருக்கியா என்பான், இருக்கேன் என்பாள், நீங்க என்பாள், இருக்கேன் என்பான், பிறகு இருவரும் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்தபடி இருந்துவிட்டு வைத்துவிடுவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், நன்றாக யோசித்து, இஞ்சினை எடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னான். எடுத்துவிட்டு என்று கேட்டாள். கரண்டு மோட்டார் வைக்கப் போகிறேன், பேட்டரியில் ஓடுகிறது, சொட்டு எண்ணெய் கிடையாது, நாற்றமே இருக்காதாம் என்றான்.

“அப்ப முடியட்டும். முடிஞ்சதும் வந்து பாக்கேன்” என்றாள் மதலேன்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எஸ்தாக்கி அத்தனை காரியத்தையும் செய்தான். தூத்துக்குடியில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிற சண்முகக்கனி அண்ணாச்சியைத் தேடிப் பிடித்து, கையோடு ஊருக்குக் கூட்டி வந்தான். அண்ணாச்சி எங்கேயோ கவிழ்ந்து கிடந்த பேட்டரி ஆட்டோவின் மோட்டாரை எடுத்து, அதைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்து, பழைய இஞ்சினின் தண்டிலேயே மாட்டி, ஆறு பேட்டரிகளை வள்ளத்தின் வயிற்றில் வரிசையாக இறுக்கினார். பாய் விரித்து ஓடும்போது அடியில் இருக்கிற காத்தாடி தானாகச் சுற்றும், அது சுற்றினால் பேட்டரி தானாக நிரம்பும், காற்றுதான் இனி உங்களுக்கு டீசல் என்று விளக்கினார். எஸ்தாக்கிக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை, நாற்றம் இருக்காதுதானே என்று மட்டும் மூன்று தரம் கேட்டுக்கொண்டான். மோட்டார் வைப்பதற்கு முன்னால், சங்கிலிக் கப்பி போட்டு இஞ்சினைத் தூக்கிக் கரையில் வைத்த பிறகு ஒன்பது நாள் வள்ளத்துக்குள்ளேயே கிடந்து, மரத்தூளும் சோடா உப்பும் தேங்காய்நாரும் வைத்து ஒவ்வொரு பலகையாகத் தேய்த்தான். தேய்த்துவிட்டு முகர்ந்து பார்ப்பான். தன் மூக்கை நம்பாமல், பதினெட்டு வருஷமாக அவனோடு கடலுக்கு வருகிற தொம்மையைக் கூப்பிட்டு முகரச் சொல்வான். ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு ஆம்பளைகள் நாலு காலில் மண்டியிட்டுப் பலகையை முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை. வள்ளத்தைத் தள்ளித் தண்ணீரில் விட்டார்கள், அது தண்ணீரில் நிற்காமல் மெல்ல எழும்பி, அடிமரத்துக்கும் அலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, கட்டிப்போட்ட ஆடு மாதிரி கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. மோட்டாரைப் போட்டால் காத்தாடி வெறுங்காற்றில் விர்ரென்று சுற்றியது, வள்ளம் நகரவில்லை. அண்ணாச்சி ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்து மாட்டினார். கரண்டில் கோளாறு இல்லை என்று அவர் தொழில் சுத்தமாகச் சொல்லிவிட்டார். எடுத்த இஞ்சின் நானூறு கிலோவுக்கு மேல், வைத்த பேட்டரியும் மோட்டாரும் அதில் பாதிகூட இல்லை, கனம் குறைந்துபோயிற்று, அடிப்பாரம் வையுங்கள், உட்கார்ந்துவிடும் என்றார். நியாயமான பேச்சு என்று எல்லோருக்கும் பட்டது.

மணல் மூட்டை வைத்தார்கள். உப்பளத்திலிருந்து உப்பு மூட்டை கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பின்வாசலில் கவிழ்ந்து கிடந்த ஆட்டுக்கல், அம்மி, துருப்பிடித்த நங்கூரம், கோயிலின் பழைய மணி என்று ஊரில் கனமானது என்னவெல்லாம் உண்டோ எல்லாம் வந்தது. தூக்கி வருகிறவன் விழி பிதுங்க வருவான், வள்ளத்துக்குள் வைத்ததும் அது பஞ்சுமூட்டை மாதிரி ஆகிவிடும், வள்ளம் ஒரு விரல்கூட இறங்காது. எஸ்தாக்கியும் தொம்மையும் அண்ணாச்சியுமாக மூன்று நாள் வள்ளத்துக்குள்ளேயே நின்று ஏற்றி இறக்கி, இறக்கி ஏற்றி, இடுப்பொடிந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் அண்ணாச்சி வேறு வேலை இருக்கிறது என்று தூத்துக்குடிக்கு பஸ் ஏறிவிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் தொம்மை சாப்பிடப் போயிருந்தான். கரையில் ஈ காக்கை இல்லை. எஸ்தாக்கி ஏணி வைத்து ஏறி, வெறும் வள்ளத்தில் தனியாக உட்கார்ந்தான். மதலேனிடம் என்ன சொல்வது என்று நினைத்தான். இஞ்சினை எடுத்துவிட்டேன் என்றா, எடுத்தேன் ஆனால் ஓடவில்லை என்றா. முடிந்ததும் வருகிறேன் என்றாள், இது முடிந்ததாகக் கணக்கா இல்லையா. ஒரு பாட்டம் அழுதுவிடலாம் என்று துண்டை எடுத்து முகத்தில் வைத்தான், அப்போது வள்ளம் இறங்கியது. தண்ணீர் பலகையில் பட்டது, பலகையைத் தாண்டி ஏறியது, இருபத்தாறு வருஷமாக எந்தக் கோட்டில் நின்றதோ சரியாக அந்தக் கோட்டில் வந்து நின்றது. எஸ்தாக்கி கையை நீட்டி மோட்டாரைப் போட்டான். சத்தமே இல்லை. கரை மட்டும் பின்னால் போனது.

அன்றைக்குக் கொண்டல் காற்று நன்றாக இருந்தது, பாயும் விரித்து அரை மணி நேரம் போய்த் திரும்பி வந்தான். சாப்பிட்டு வந்த தொம்மை இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்து, சந்தோஷத்தில் ஒரே எட்டில் தாவி ஏறினான். வள்ளம் விசுக்கென்று எழும்பி ஒரு சாண் மேலே போய் நின்றது. தொம்மை இறங்கினான், வள்ளமும் இறங்கியது. ஏறினான், எழும்பியது. பிறகு யார் யாரோ ஏறிப் பார்த்தார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் பங்கிராஸ் தொண்ணூற்றைந்து கிலோ ஆள், அவர் ஏறினாலும் ஒரு சாண். ஜனக் கணக்கெடுக்க வந்த வெளியூர்க்காரர், எஸ்தாக்கி பேரையே அப்போதுதான் கேட்டு எழுதினவர், அவர் ஏறினாலும் அதே ஒரு சாண். ஆளில்லாமல் வெறுமனே கிடந்தாலும் மேலேதான். எஸ்தாக்கி மட்டும் தனியாக உட்கார்ந்தால் ஒழிய அந்த வள்ளம் தண்ணீரைத் தொடாது என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

தெரிந்த பிறகு ஊர் அதைத் தன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், வள்ளத்துக்குக் கீழேயும் குனிந்து தெளித்தார், மேலே கீழே என்று பார்த்தால் ஆசீர்வாதம் குறைந்துவிடும் என்றார். மீன்துறையிலிருந்து ஒருவர் அளவெடுக்க வந்தார். படகு தண்ணீரில் அமிழும் ஆழம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டுவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். ஏறி உட்காருகிறவர்களுக்கும் உடம்புக் கனம் கழன்றுபோகிறது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். வேலை முடிந்து வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இடுப்பு வலி பறந்துவிடுகிறது என்று அவர்கள் சொன்னது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் சிக்கல் வந்தது. வேம்பாமுனையில் பெண்கள் வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வைத்ததில்லை. ஆனால் மூட்டுவலி பெண்களுக்குத்தானே அதிகம், மாதம் ஏறின பிள்ளைத்தாச்சிகளுக்கும் கால் வீங்குகிறதே என்று வியாகுலம் அக்கா கமிட்டி முன்னால் போய் நின்று ஒரு பிடி பிடித்தாள். கமிட்டி இரண்டு மணி நேரம் கூடிப் பேசியது. தண்ணீரைத் தொடாதது வள்ளம் ஆகாது, வள்ளம் ஆகாததில் பெண்கள் ஏறலாம் என்று கடைசியில் பங்கிராஸ் தீர்ப்புச் சொன்னார். எழுதியும் வைத்தார்கள்.

அன்றிலிருந்து எஸ்தாக்கியின் வள்ளத்தில் கூட்டம். காலையில் அவன் தனியாக ஓடிப்போய்த் தூண்டில் போட்டுக் கிடைத்ததைக் கொண்டு வருவான், தனி ஆளாக வலை இழுக்க முடியுமா என்ன. தொம்மை வேறு வள்ளத்தில் சேர்ந்துகொண்டான், வருத்தத்தோடுதான் போனான். சாயங்காலமானால் மீன்காரிகள், உப்பளத்து ஆட்கள், வயிறு தள்ளிய பிள்ளைத்தாச்சிகள், பல்வலிக்காரர்கள்கூட, ஏணியில் ஏறி வந்து உட்கார்ந்து கதையடிப்பார்கள். நடுவில் எஸ்தாக்கி உட்கார்ந்திருப்பான். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து யார் மகள் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்பது வரை எல்லாம் அவன் காதில் விழுந்தது. இருபத்தாறு வருஷம் இஞ்சின் சத்தத்தில் கத்திக் கத்தியே பேசினவனுக்கு இப்படி மெல்லப் பேசலாம் என்பதே புதிதாக இருந்தது. சிரித்தான்கூட. ஏழு மணிக்கெல்லாம் ஒவ்வொருவராக இறங்கிப் போவார்கள். கடைசி ஆள் ஏணியில் காலை வைத்ததும் வள்ளம் எஸ்தாக்கியோடு இறங்கித் தண்ணீரில் உட்காரும், தினமும் அந்த இறக்கம் அவன் அடிவயிற்றில் தெரியும்.

ஒரு நாள் அப்படிக் கடைசி ஆளாக இருந்தவள் வியாகுலம் அக்கா. காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டே, நானும் ஒரு மாதமாகப் பார்க்கிறேன், இந்த வள்ளத்துக்கு எது பாரம் என்று உனக்கே தெரியவில்லையா என்று கேட்டாள்.

“நீ ஒத்தையில இருக்குறதுதான்ல பாரம்” என்றாள். “நானூறு கிலோ இஞ்சினுக்கு அதுதான் ஈடா நிக்கி. பக்கத்துல ஒரு ஆளு வந்தா அது கொறஞ்சு போவுது, வள்ளம் எந்திரிச்சிருது. ஊருல யாருட்டயும் நான் சொல்லல. நீயும் சொல்லாத, பாவம்னு பேசுவாவ.” சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். வள்ளம் இறங்கியது.

எஸ்தாக்கிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. ஊரின் அம்மியும் ஆட்டுக்கல்லும் கோயில் மணியும் செய்யாததைத் தன் நெஞ்சுக்குள் கிடந்த ஒன்று செய்திருக்கிறதே, அதையும் ஊரே ஏறி உட்கார்ந்து அளந்து பார்த்திருக்கிறதே என்று முகம் சுட்டது. ஆனால் மறுநாள் காலை கடலில் இருக்கும்போது வேறொன்று தோன்றியது, தோன்றியதும் தூண்டிலை விட்டுவிட்டான். கணக்கெடுக்க வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு சாண். தொம்மை உட்கார்ந்தால் ஒரு சாண். அப்படியானால் மதலேன் வந்து உட்கார்ந்தால்? அவளுக்காகத்தானே இத்தனையும். ஒரு சாணோடு நிற்குமா? பனைமர உயரம் போகும், கோயில் சிலுவை உயரம் போகும், கீழே ஊரெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரிய இரண்டு பேரும் மேலே உட்கார்ந்திருப்போம். அதற்குப் பிறகு வள்ளம் தண்ணீரையே தொடாது, தொழில் போகும், கடலும் போகும். போகட்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். கரையில் மீன் காயப்போட்டுக்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், அவள் வந்தால் போதும்.

அன்றே நூறு பாகம், கிட்டத்தட்ட அறுநூறு அடி நீளத்துக்குப் புதுக் கயிறு கொண்டுவந்து வள்ளத்தில் கட்டினான். எதற்கு இவ்வளவு நீளம், சந்திரனுக்கா போகப் போகிறாய் என்று பங்கிராஸ் கேலி செய்தார். பழையது இற்றுப்போயிற்று என்று சொல்லி மழுப்பினான். ஞாயிற்றுக்கிழமை போனில், எல்லாம் முடிந்தது, வந்து பார் என்றான். சனிக்கிழமை ஒரு மணி பஸ்ஸில் வருகிறேன் என்றாள். பெண்சாதி வள்ளத்தில் ஏறலாமா என்று கமிட்டியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டான். நீ தனியாக உட்கார்ந்திருக்கும்போது அது வள்ளம், அவள் காலை வைத்ததும் எழும்பிவிடுகிறபடியால் அது வள்ளம் இல்லை, இடையில் அரை நிமிஷத்தைக் கமிட்டி பார்க்காது என்றார் பங்கிராஸ்.

சனிக்கிழமை மதலேன் வந்தாள். மெலிந்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது, ஊதா நிறத்தில் ஒரு நல்ல சேலை. எஸ்தாக்கி பஸ் நிறுத்தத்தில் புதுச் சட்டையோடு நின்றான். வாங்க என்பதற்கும் வா என்பதற்கும் நடுவில் ஏதோ சொன்னான். அவள் கிட்ட வந்து, பழக்கத்தில் மூச்சை அடக்கி, பிறகு மெல்ல விட்டு, அவன் தோள் பக்கமாக முகர்ந்து பார்த்தாள். “இல்ல” என்றாள். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கரைக்கு நடந்து போகும் வழியெல்லாம் ஊர் பின்னாலேயே வந்தது. வாங்க மதினி என்று தொம்மை பையை வாங்கிக்கொண்டான்.

எஸ்தாக்கி முதலில் ஏறி உட்கார்ந்தான், வள்ளம் இறங்கி நின்றது. கயிற்றின் நுனி பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டான். மதலேன் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து, அவன் நீட்டிய கையைப் பிடித்து ஏறி, அவனுக்கு எதிரில் இருந்த பலகையில் உட்கார்ந்தாள். எஸ்தாக்கி இரண்டு கையாலும் பலகையை இறுக்கிப் பிடித்தான்.

வள்ளம் எழும்பவில்லை. நின்ற கோட்டிலேயே நின்றது. பிறகு, மிக மெதுவாக, இன்னும் இரண்டு விரல் இறங்கியது.

கரை ஆர்ப்பரித்தது. கரண்டுக்கு மாறிய பிறகு இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அந்த வள்ளம் தண்ணீரில் நிற்பது அதுதான் முதல் தரம் அல்லவா, பெண்டாட்டி வந்ததும் வள்ளத்துக்குப் பிடித்திருந்த கோளாறு தீர்ந்துபோயிற்று என்று தொம்மை பையைத் தலைக்கு மேல் தூக்கிக் கூத்தாடினான். பங்கிராஸ் தான் எழுதின தீர்ப்பையே மறந்துபோய்க் கைதட்டினார். உப்பளத்து ஆட்கள் தட்டினார்கள், மீன்காரிகள் குலவை போட்டார்கள், போய்ட்டு வாங்க, ஒரு சுற்று கூட்டிப் போ எஸ்தாக்கி என்று எல்லோரும் கத்தினார்கள். வியாகுலம் அக்கா மட்டும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

எஸ்தாக்கி கரையைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வது, மோட்டாரைப் போட்டான். வள்ளம் அழகாக, அலையைக்கூட உடைக்காமல், நேராகக் கடலுக்குள் போனது. காற்று இல்லை, பாய் விரிக்கிற வேலையும் இல்லை. மதலேன் கையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள், அவன் சுக்கானைப் பார்த்தான். சொல்வதற்கு ஏதாவது கிடைக்குமா என்று மனதைத் துழாவிப் பார்த்தான், குளித்தாயிற்று என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை, அதையும் இனிமேல் யாரும் கேட்கப் போவதில்லை.

“பஸ்ஸுலயே சொன்னாவ” என்றாள் மதலேன். “யாரு ஏறுனாலும் எந்திரிக்குமாம்லா.”

“ஆமா.”

“பங்கிராஸ் அண்ணன் ஏறுனா?”

“ஒரு சாண்.”

“கணக்கெடுக்க வந்த ஆளு ஏறுனாராமே.”

“அவருக்கும் ஒரு சாண்தான்.”

அவள் தலையாட்டினாள். விளிம்புக்கு வெளியே கையை நீட்டி, தண்ணீர் எது வரை ஏறியிருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பலகையில் குனிந்து ஒரு தரம் முகர்ந்தாள். நாற்றம் இல்லை, தேய்த்துத் தேய்த்து மரம் வெளுத்துப் போயிருந்தது, அவன் எத்தனை நாள் தேய்த்திருப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், உள்ளங்கையால் அந்தப் பலகையைத் தடவிக் கொடுத்தாள்.

“அப்ப காரணம் டீசல் இல்ல” என்றான் எஸ்தாக்கி.

“இல்ல போலுக்கு” என்றாள் அவள். “நான் பொய் சொல்லலங்க. நானும் டீசல்னுதான் நெனச்சேன்.”

அவள் அழுதாள், அவனும் அழுதான், எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று பழகிய ஆட்கள் அழுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டு. எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்காரலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அப்படி உட்கார்ந்தும் வள்ளம் அசையாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தான். பின்னால் கரையில் ஊர் இன்னும் கலையவில்லை.

“திருப்பட்டுமா?” என்று கேட்டான்.

“வேண்டாம்” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் மதலேன். “இன்னும் கொஞ்சம் போங்க. அவங்க கைதட்டுறது கேக்காத எடம் வரைக்கும் போங்க.”

அவன் போனான். மோட்டாருக்குச் சத்தம் என்பதே இல்லாததால் கைதட்டல் வெகு தூரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.